மாத்திரையா, வேக்குவம் பம்பா, லேகியமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, எந்த ஊர் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குப் போனாலும் "ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா?" என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று கீழே போட்டிருக்கும். இப்போது அந்த நோட்டீஸ் செல்போனுக்குள் வந்துவிட்டது. லேகியத்துக்குத் துணையாக, காற்றை இழுத்து ஆணுறுப்பை விறைக்க வைக்கும் வேக்குவம் பம்பும் சேர்ந்துகொண்டது. மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கூட்டம் குறைகிற நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பம்பு நல்லதா, மாத்திரை நல்லதா?"

எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதில் இதற்குக் கிடையாது. எதற்காகக் கேட்கிறீர்கள், ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

எதற்காக என்பதை முதலில் பார்ப்போம். கல்யாணம் நிச்சயமான தம்பிகள் பெரும்பாலும் ஆணுறுப்பின் அளவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "ஒரே மாதத்தில் இரண்டு அங்குலம்" என்று வீடியோவில் பார்த்திருப்பார்கள். அது நடக்காது. 2006-இல் ஈரானில் 37 பேரை வைத்து இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் என ஆறு மாதம் பம்பு பயன்படுத்திய பிறகு சராசரி நீளம் 7.6 சென்டிமீட்டரிலிருந்து 7.9-க்குப் போனது. அளக்கும்போது கை நகர்ந்தாலே வந்துவிடுகிற வித்தியாசம் அது. பம்பை எடுத்தவுடன் பெரிதாகத் தெரிவது உண்மைதான். உள்ளே இழுக்கப்பட்ட ரத்தமும் தோலடியில் சேர்ந்த நீரும் அப்படிக் காட்டுகின்றன, சிறிது நேரத்தில் வடிந்துவிடும். அதை நம்பி மறுநாள் இன்னும் கூட்டி, அதற்கு அடுத்த நாள் இன்னும் கூட்டி இழுக்கிறவர்களுக்குத்தான் தோல் கன்றிப்போகிறது, உணர்ச்சி குறைகிறது.

பல நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் திரட்டி 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. விறைத்த நிலையில் சராசரி சுமார் 13.1 சென்டிமீட்டர். தனக்குக் குறைவு என்று நினைக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சராசரிக்கு அருகில்தான் இருப்பார்கள். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறது, நினைத்த நேரத்தில் மட்டும் வரவில்லை என்றால் ரத்த ஓட்டம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பயமும் பதற்றமும்தான் காரணமாக இருக்கும். அளவுக்காக என்றால் பம்பு, மாத்திரை, லேகியம், எண்ணெய் எதற்கும் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வியாபாரம் போகிறதே என்று முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

விறைப்பு வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை, நாற்பது ஐம்பது வயது ஆகிறது, சுகரும் இருக்கிறது என்றால் பேச்சு வேறு. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் கல்லணையில் உடனே தெரியாது, தலைஞாயிறு பக்கம் கடைமடையில் தெரிந்துவிடும். ஆணுறுப்புக்குப் போகிற ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்கான குழாய்கள் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். சுகரும் கொழுப்பும் பீடியும் குழாய்களைக் கெடுக்கும்போது சின்னக் குழாய் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைவது மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வருகிற எச்சரிக்கையாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. ஆகவே எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் சுகர், மூன்று மாத சராசரிச் சுகர், பிரஷர், கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். சுகரும் பிரஷரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அம்மாவிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் கேட்க வேண்டாம், டாக்டரிடம் நேராகப் போங்கள். சில பிரஷர் மாத்திரைகளாலும் விறைப்புக் குறையும். அப்படி இருந்தால் டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிட்டால் பக்கவாதம் வரைக்கும் போகும்.

இனி மாத்திரையும் பம்பும். வயாக்ரா என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த சில்டெனாபில் அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்றது. நம்மூரில் டாக்டர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய மருந்து. உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். ஏறத்தாழ நான்கு மணி நேரம் பலன் இருக்கும். அதே வகை மாத்திரையான தடலாபில் 36 மணி நேரம் வரை தாங்கும். இரண்டுமே ஆசை இல்லாமல் தானாக விறைப்பை உண்டாக்காது. தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு போன்றவை வரலாம். பொது மருந்தாக வாங்கினால் விலை அதிகமில்லை, எடுத்துப்போவது சுலபம், மனைவிக்கு விளக்கம் சொல்ல வேண்டிய வேலையும் குறைவு. ஒத்துக்கொள்கிற உடம்பு என்றால் பெரும்பாலோர் முதலில் மாத்திரைக்குப் போவதில் தப்பே இல்லை.

ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர், அல்லது நைட்ரேட் வகையில் வேறு எதையாவது தினமும் சாப்பிடுகிறவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும், உயிருக்கே ஆபத்து. சில்டெனாபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள், தடலாபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட் கொடுக்கக் கூடாது. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாத்திரை போட்ட இரவில் நெஞ்சு வலித்தால் 108-இல் வருகிறவரிடமும் ஆஸ்பத்திரியிலும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் வழக்கம்போல நாக்கடியில் மாத்திரை வைத்துவிடுவார்கள். ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடுவதற்காக டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்கும் அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். அவர்கள் குறைந்த அளவில் டாக்டர் சொன்னபடி தொடங்க வேண்டும்.

இப்படி மாத்திரை மறுக்கப்பட்டவர்களுக்கும், சாப்பிட்டும் பலன் இல்லாத சுகர்காரர்களுக்கும், ப்ராஸ்டேட் புற்றுநோய் அறுவை செய்துகொண்டவர்களுக்கும்தான் பம்பு உண்மையில் பயன்படுகிறது. ரத்தத்தில் எதுவும் கலப்பதில்லை என்பதால் மாத்திரையைப் போல நைட்ரேட்டோடு மோதாது. உருளைக்குள் காற்றை வெளியே இழுக்கும்போது உறுப்புக்குள் ரத்தம் வருகிறது. அடியில் ஒரு வளையத்தைத் தள்ளிவிட்டால் அது திரும்பிப் போகாமல் நிற்கிறது. அவ்வளவுதான் சூத்திரம். 1917-இலேயே வியன்னாவைச் சேர்ந்த ஓட்டோ லெடரர் இப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இப்போதைய வடிவத்தைக் கொண்டுவந்த கெடிங்ஸ் ஆஸ்பான் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டயர் ரீட்ரேடிங் தொழில் செய்தவர், தன் பிரச்சினைக்காகத் தானே செய்துகொண்டார். அது 1982-இல் அங்கே அரசு அனுமதி பெற்று மருத்துவக் கருவியானது. டயர் கடைக்காரருக்குக் காற்றின் குணம் தெரியாமலா இருக்கும்!

குறைகளையும் சொல்ல வேண்டும். பம்பால் வரும் விறைப்பு இயல்பானதைப் போல இருக்காது. வளையத்துக்கு வெளியே உள்ள பகுதி மட்டும்தான் விறைத்திருக்கும், அடியில் கொஞ்சம் ஆடும். தோல் சில்லென்றும் லேசாக நீலம் பாரித்தும் இருக்கும். விந்து வெளிவருவதை வளையம் தடுக்கலாம், அதனால் குழந்தைக்காக முயற்சி செய்கிறவர்களுக்கு இது தோதாக இருக்காது. இதையெல்லாம் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லாமல் அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தால் இருவருக்கும் சங்கடம். கேட்டவர்களில் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் யாரென்று பார்த்தால், மனைவியிடம் பேசிவிட்டு வாங்கியவர்கள்தான்.

பம்பு கூடாதவர்களும் உண்டு. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய், லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், உறுப்பு மிகவும் வளைந்திருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க ஈகோஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் கன்றுவது அதிகமாக இருக்கும். அவர்கள் இதய டாக்டரைக் கேட்டுவிட்டு, மிகக் குறைந்த இழுப்பில் தொடங்க வேண்டும். பார்த்தீர்களா, இதய நோயாளிக்கு மாத்திரையும் சிக்கல், பம்பும் சிக்கல். இதனால்தான் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரை எது என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன். இரண்டு மாடி மூச்சு வாங்காமல், நெஞ்சு பிடிக்காமல் ஏற முடியாதவர் இரண்டில் எதையும் தொடுவதற்கு முன் உறவுக்கே இதயம் தயாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

லேகியத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆண்மைக் குறைவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. சிலருக்கு லேகியம் "நன்றாக வேலை செய்தது" என்றால் அதில் சில்டெனாபிலைப் பொடித்துக் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மூலிகை என்று விற்ற சரக்குகளில் அப்படிக் கலப்படம் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சார்பிட்ரேட் சாப்பிடுகிறவர் மூலிகைதானே என்று நம்பி அதை விழுங்கினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் பார்ப்பது வேறு விஷயம், லாட்ஜ் ரூமில் பெயரில்லாத டப்பா வாங்குவது வேறு. ஆணுறுப்பில் போடும் ஊசியும் உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட்டும் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர் முடிவு செய்கிறவை. ஊசி நன்றாக வேலை செய்யும், ஆனால் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அவசர சிகிச்சை. இம்ப்ளான்ட் லட்சங்களில் ஆகும், ஒருமுறை வைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. மற்ற எதுவும் பலிக்காதவர்களுக்கு அது நல்ல வழிதான்.

சரி, பம்பு என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது?

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. விலையை விட ஒரே ஒரு பாகத்தைத் தேடுங்கள்: இழுப்பு ஓர் அளவுக்கு மேல் போகாமல் தானே நிறுத்துகிற வால்வு. மருத்துவக் கருவியாகச் செய்தவற்றில் இது இருக்கும். செக்ஸ் பொம்மையாக விற்கிற சரக்கில் பெரும்பாலும் இருக்காது. அழுத்தம் காட்டும் மீட்டர் இருந்தால் மட்டும் போதாது, மீட்டர் எண்ணைக் காட்டுமே தவிர நிறுத்தாது. அடுத்து, பட்டனை அழுத்தினால் காற்று உடனே உள்ளே போகிற வசதி வேண்டும். வலித்தால் ஒரு நொடியில் விட்டுவிடத் தெரிய வேண்டும். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். "பெரிதாக்கும்" என்று பெட்டியிலேயே போட்டிருந்தால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம், திருப்பி வைத்துவிடுங்கள்.

கைப் பம்பா, பேட்டரியா என்றால் என் ஓட்டு கைப் பம்புக்கு. எவ்வளவு இழுக்கிறோம் என்பது கைக்கே தெரியும். மூட்டுவலியால் கை பிடிக்காதவர்கள், பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர்கள் பேட்டரி வாங்கலாம். அதில் அளவு மீறாத வால்வு இன்னும் முக்கியம், ஏனென்றால் மோட்டாருக்கு வலி தெரியாது. உருளை ரொம்ப அகலமாக இருந்தால் விதைப்பையின் தோலையும் சேர்த்து இழுக்கும். நல்ல பெட்டியில் அகலத்தைக் குறைக்கும் செருகியும், பல அளவில் வளையங்களும் வரும். வளையம் மெத்தென்ற சிலிக்கான் அல்லது ரப்பராக, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கக் காது வைத்ததாக இருக்க வேண்டும். உலோக வளையம், ரப்பர் பேண்ட், சைக்கிள் டியூப்பில் வெட்டிய துண்டு, நூல் இவற்றையெல்லாம் மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வளையம் தொலைந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கூரியர் பையன் டீக்கடையில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவானே என்று பயப்படுகிறவர்கள் தஞ்சாவூர் போன்ற ஊரில் யூராலஜி டாக்டர் எழுதித் தந்ததைப் பெரிய மருந்துக் கடையில் சொல்லி வரவழைத்துக்கொள்ளலாம். அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முதல் முறை எப்படிப் போடுவது என்று டாக்டரே காட்டித் தருவார் என்பது கூடுதல் லாபம்.

பயன்படுத்தும் விதம் பெரிய வித்தையில்லை, ஆனால் அவசரம் ஆகாது. முதலில் சில நாள் வளையம் போடாமல், தனியாகப் பழகுங்கள். அடியில் முடியைக் கத்தரித்துவிட்டால் காற்று கசியாது. உருளையின் வாயிலும் உறுப்பிலும் தண்ணீர் கலந்த வகை ஜெல் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெயும் வாசலினும் ரப்பர் வளையத்தையும் ஆணுறையையும் கெடுக்கும். மெடிக்கலில் ஜெல்லி என்று கேட்டால் சிலர் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லியைக் கொடுத்துவிடுவார்கள். அது வேண்டவே வேண்டாம். வலிதான் இங்கே உங்களுக்குக் காவல்காரன், அவனைத் தூங்க வைக்கக் கூடாது.

இரண்டு மூன்று முறை பம்பு செய்து சில நொடி நிறுத்துங்கள், மறுபடி இரண்டு மூன்று முறை. போதுமான விறைப்பு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். வலித்தால் பட்டனை அழுத்திவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. வந்தவுடன் வளையத்தை அடிக்குத் தள்ளி, காற்றை உள்ளே விட்டபிறகுதான் உருளையைக் கழற்ற வேண்டும். வளையம் முதலில் பெரியதில் தொடங்கட்டும். நிற்கவில்லை என்றால் அடுத்த சிறிய அளவுக்குப் போகலாம். சிவப்புப் புள்ளிகள் தோலில் வந்தால் பயப்பட வேண்டாம், சில நாளில் மறையும், அதுவரை பம்பைத் தொட வேண்டாம். அடுத்த முறை இழுப்பைக் குறையுங்கள்.

வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதில் மட்டும் தள்ளுபடியே கிடையாது. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வேண்டுமென்றால் ஒரு மணி நேரமாவது ரத்தம் ஓட விட வேண்டும். குடித்துவிட்டு வளையம் போடுவது, போட்டபடியே தூங்கிவிடுவது இரண்டும்தான் பெரிய விபத்துகளுக்கு வழி. சுகரால் கால் மரத்தவர், வயலில் முள் குத்தியதே தெரியாமல் நடக்கிறவர், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கால் நரம்பு கெட்ட உடம்பில் மற்ற இடத்து நரம்பும் கெட்டிருக்கலாம், அதனால் வலிக்கவில்லையே என்பதை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, நிழலில் காயவையுங்கள். மோட்டார் பகுதி இருந்தால் அதில் தண்ணீர் படக் கூடாது.

வளையம் கழலவில்லை என்றால் ஜெல்லை நிறையத் தடவி இரண்டு காதையும் பிடித்து விரித்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை, உறுப்பு கறுத்துக்கொண்டே போகிறது, அல்லது உணர்ச்சி இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வீட்டில் கத்தரியையோ பிளேடையோ எடுக்காதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அவசரப் பிரிவு இரவு முழுக்கத் திறந்திருக்கும். போனதும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: வளையம் போட்டது எத்தனை மணிக்கு, அது ரப்பரா உலோகமா, அன்றைக்குச் சில்டெனாபில் ஏதாவது சாப்பிட்டீர்களா.